முதல் பிறந்தநாள், மொய் நோட்டு, லைன் வீடு: ஒரு நாடுகாணி குடும்பத்தோட கணக்கு

"குழந்தை பிறந்தா எவ்வளவு செலவாகும்?"னு இன்டர்நெட்ல தேடிப் பார்த்தா வர்றது எல்லாமே சென்னை, பெங்களூரு கணக்குதான். டயப்பர், டே கேர், இன்டர்நேஷனல் ஸ்கூல், 20 வருஷம் கழிச்சு இன்ஜினீயரிங் ஃபீஸ். தப்பில்லை. ஆனா நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் வேலை பார்க்கிறது கோயம்புத்தூர்லயோ திருப்பூர்லயோ, குழந்தை வளர்றது ஊர்ல அம்மா அப்பாகிட்ட. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அதனால இன்னிக்கு கூடலூர் தாண்டி நாடுகாணி பக்கம் போவோம். கூடலூர்ல இருந்து வர்ற ரோடு அங்கேதான் பிரியுது. ஒண்ணு சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் போகும். இன்னொண்ணு தேவாலா, பந்தலூர் வழியா வயநாடு பக்கம் போகும். ஜீன்பூல் தோட்டம் பார்க்க டூரிஸ்ட்டுகள் வருவாங்க. அதைச் சுத்தித் தேயிலைத் தோட்டம், லைன் வீடுகள்.

இந்த இடத்தை நான் எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. நமக்கெல்லாம் வீடு மாறுறதுன்னா வாடகை, அட்வான்ஸ், லாரி, அவ்வளவுதான். எஸ்டேட் குடும்பத்துக்கு வீடு வேலையோட ஒட்டிக்கிட்டு வர்றது. வேலை முடிஞ்ச நாள்ல வீடும் முடியும். அதே வருஷத்துல வீட்டுல ஒரு சின்னக் குழந்தையும் இருந்தா, காது குத்தும் முதல் பிறந்தநாளும் வீடு காலி பண்றதும் ஒரே பணத்துக்குப் போட்டி போடும். அந்தப் பணம் என்ன தெரியுமா? அம்மாவோட 30 வருஷ கிராஜுவிட்டி.

வீடு எப்படி வேலையோட ஒட்டிச்சு?

சுருக்கமாச் சொல்லிடறேன். 1964-ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்துல இருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. 1974-ல இன்னொரு 75,000 பேர். வந்தவங்களுக்குத் தெரிஞ்ச தொழில் கொழுந்து பறிக்கிறது. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல தமிழ்நாடு அரசு நீலகிரியில தேயிலைத் திட்டத்தை ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி டான்டீ ஆச்சு. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்யறவருக்கும் குடும்பத்துக்கும் நிர்வாகமே வீடு கொடுக்கணும்னு சொன்னது. 50 பெண்களுக்கு மேல வேலை பார்த்தா குழந்தைகள் காப்பகமும் வேணும்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு. இலங்கையில இருந்து வந்த பெரியவங்க இதை இன்னமும் "பிள்ளை மடுவம்"னு சொல்வாங்க.

நல்ல விஷயம்தான். ஆனா அந்த வீடு சொந்தம் இல்லை, வாடகையும் இல்லை, வேலைக்கான சலுகை. பாட்டி பறிச்சாங்க, அம்மா பறிச்சாங்க, அதனால வீடு ரெண்டு தலைமுறையா கைல இருந்துச்சு. நீங்க கம்ப்யூட்டர் படிச்சு சரவணம்பட்டிக்கு வேலைக்கு வந்துட்டீங்க. பெருமையான விஷயம். கூடவே, அந்த லைன் வீட்டைத் தொடர்ந்து வெச்சுக்க வீட்டுல வேற ஆள் இல்லைங்கிறதும் அதே விஷயத்தோட மறுபக்கம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம்

இது கணக்குக்காக நான் போட்ட குடும்பம். உங்க வீட்டு எண்ணை மாத்திப் போட்டுக்கோங்க.

கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் கோயம்புத்தூர்ல வேலை. பிடித்தம் போக ரெண்டு பேர் கைக்கும் சேர்த்து மாசம் 52,000. குழந்தைக்கு 4 மாசம். மனைவி 26 வார மகப்பேறு விடுப்புல மாமியார் வீட்டுல, அதாவது நாடுகாணி பக்கத்து லைன்ல இருக்காங்க. அப்பா ஓய்வு பெற்றாச்சு. அம்மா இன்னும் ஒரு வருஷத்துல ஓய்வு. அம்மாவோட தினக்கூலி 450 ரூபாய்னு வெச்சுக்குவோம், கைக்கு மாசம் 10,000 வருது. கோயம்புத்தூர்ல இப்ப இருக்கிறது சின்ன போர்ஷன், வாடகை 6,500. மாசம் ரெண்டு மூணு தடவை ஊருக்குப் போய் வர 3,500.

மொத்தக் குடும்பத்தையும் ஒரே பர்ஸா நினைச்சுக்கோங்க. இன்னிக்கு வரவு 62,000.

ஒரு வருஷம் கழிச்சு எல்லாரும் கோயம்புத்தூர்ல ஒரே வீட்டுல. அம்மா கூலி 10,000 நின்னுடுச்சு. பென்ஷன் 3,000 வருதுன்னு வைப்போம். இபிஎஸ் திட்டத்துல குறைந்தபட்சமே மாசம் 1,000 ரூபாய்தான், 2014-ல இருந்து அதேதான். அதனால பென்ஷனைப் பெருசா நம்பாதீங்க. ஆக வரவு 55,000. 7,000 குறைஞ்சாச்சு.

செலவு? ரெண்டு பெட்ரூம் வீடு 12,000, அதாவது 5,500 கூடுதல். கரண்ட், தண்ணி, கேஸ் 2,000 கூடும். லைன்ல விறகு பொறுக்கிட்டு வந்து வெந்நீர் போட்டுக்கிட்டு இருந்தாங்க, இங்கே அது நடக்காது. ஊருக்குப் போற 3,500 மிச்சம். நிகரமா 4,000 கூடுதல்.

7,000-மும் 4,000-மும் சேர்த்தா மாசம் 11,000 பள்ளம். இதுல குழந்தையோட பால் பவுடர், தடுப்பூசி, அப்பா மாத்திரை எதையும் நான் ஏத்தவே இல்லை. ஏற்கெனவே இருக்கிற செலவுன்னு விட்டுட்டேன்.

லைன் வீடு "ஃப்ரீ"னு நாம சொல்லிக்கிட்டே இருந்தோம். அந்த ஃப்ரீக்கு விலை போட்டுப் பார்த்தா இவ்வளவு.

கிராஜுவிட்டி: அம்மா எவ்வளவு வாங்குவாங்க?

வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். மாசச் சம்பளக்காரங்களுக்கு கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கணும். நம்ம அம்மாவுக்கு தினக்கூலி 450. 450-ஐ 15-ஆல பெருக்கி, 30 வருஷத்தால பெருக்கினா 2,02,500 ரூபாய். வரி கிடையாது. 20 லட்சம் வரைக்கும் விலக்கு, நாம அந்தப் பக்கம்கூடப் போகலை.

ரெண்டு லட்சம். 30 வருஷம் அட்டைக்கடி, மழை, யானை பயம், முதுகுல கூடை. அதுக்கு மொத்தமா ஒரு தடவை வர்ற பணம் இது. இதுல பேரன் பிறந்தநாளுக்கு மண்டபம் புக் பண்ணலாம்னு யோசனை வரும். அம்மாவே சொல்வாங்க, "என் பணம்டா, என் பேரனுக்குச் செய்யறேன்"னு. இந்தப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே நீங்க உட்கார்ந்து பேசிடணும். என் கருத்து நேரடியானது: அந்தப் பணத்துல ஒரு ரூபாய்கூட விசேஷத்துக்குப் போகக்கூடாது, வீட்டு அட்வான்ஸுக்கும் போகக்கூடாது.

எங்கே போகணும்? தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயசு ஆனவங்களுக்கு நேரா உண்டு. 55-ல இருந்து 60-க்குள்ள ஓய்வு பெற்றவங்க, ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாசத்துக்குள்ள போட்டா சேரலாம். இந்த 3 மாசம் முக்கியம், தேதியைக் குறிச்சு வைங்க. நான் இதை எழுதுறப்ப வட்டி 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருதடவை அம்மா கணக்குல விழும். 2 லட்சத்துக்கு ஒவ்வொரு காலாண்டுக்கும் 4,100 ரூபாய். மாசக் கணக்குல பார்த்தா 1,366. மேல சொன்ன 11,000 பள்ளம் இப்ப ஏறக்குறைய 9,600 ஆகுது. பெருசா குறையலைதான். ஆனா அம்மா கைல அவங்க பேர்ல ஒரு பணம் இருக்கு, உங்ககிட்ட மருந்துக்குக் கை நீட்டத் தேவையில்லை. அதுக்கு எந்த எக்ஸல் ஷீட்லயும் கட்டம் கிடையாது.

இன்னொரு விஷயம். சட்டப்படி கிராஜுவிட்டியை 30 நாளுக்குள்ள கொடுக்கணும், தாமதமானா வட்டி உண்டு. நடைமுறையில "வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுங்க, அப்புறம் பணம்"னு பல எஸ்டேட்டுகள்ல சொல்றாங்க. குடியிருப்பைக் காலி பண்ணாம இருந்தா அந்த நாட்களுக்கான வாடகையை கிராஜுவிட்டியில பிடிக்கலாமா கூடாதான்னு நாட்டுல பல வழக்குகள் நடந்திருக்கு. அதனால "பணம் வந்தாத்தான் காலி பண்ணுவோம்"னு உட்கார்ந்தா பணமும் தள்ளிப்போகும், மனசும் கெடும். உங்க பிளான்ல கிராஜுவிட்டி பணம், வீடு மாறி ரெண்டு மூணு மாசம் கழிச்சு வர்ற மாதிரியே போட்டுக்கோங்க. முன்னாடியே வந்துச்சுன்னா சந்தோஷம்.

மொய் நோட்டை எடுத்துப் பாருங்க

இப்ப விசேஷத்துக்கு வருவோம். இங்கேதான் நம்ம தலைமுறை அம்மாக்களைத் தப்பாப் புரிஞ்சுக்குது.

"எதுக்கும்மா இவ்வளவு ஆடம்பரம், கேக் வெட்டினாப் போதாதா"னு கேட்கிறோம். அம்மா ஏன் பெருசா செய்யணும்னு நிக்கிறாங்க? பரண்ல இருக்கிற மொய் நோட்டை எடுத்துப் பாருங்க. 30 வருஷமா லைன்ல நடந்த ஒவ்வொரு காதுகுத்து, சடங்கு, கல்யாணத்துக்கும் 50, 101, 201, 501-னு எழுதியிருப்பாங்க. மொய்ங்கிறது வருமானம் இல்லை, வட்டியில்லாக் கடன். இவங்க கொடுத்த கடன் ஊரெல்லாம் நிக்குது. அடுத்த வருஷம் லைனை விட்டுப் போயிட்டா, யார் கோயம்புத்தூர் வந்து திருப்பி எழுதப் போறாங்க? அவங்களும் ஒவ்வொருத்தரா ஓய்வு பெற்று திருப்பூர், ஈரோடு, கேரளான்னு சிதறிடுவாங்க. அம்மா கேட்கிறது ஆடம்பரம் இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்க அவங்களுக்கு இருக்கிற கடைசி வாய்ப்பு அது.

ஒரு ஃபைனான்ஸ் ஆளா நான் சொல்றேன், அம்மாவோட லாஜிக் சரி. தப்பு நடக்கிறது இடத்துலயும் அளவுலயும்தான். கோயம்புத்தூர் மண்டபத்துல 85,000 செலவு பண்ணி, நாடுகாணியில இருந்து வேன் பிடிச்சு ஆளைக் கூட்டிட்டு வந்தா, மொய் எழுதற கை பாதிகூட வராது. அதே விசேஷத்தை, லைனைக் காலி பண்றதுக்கு முன்னாடி, லைன் வாசல்லயே ஷாமியானா போட்டு 25,000-ல முடிச்சா எல்லாரும் வருவாங்க. காதுகுத்தையும் முதல் பிறந்தநாளையும் ஒரே நாள்ல வெச்சுக்கிட்டா தாய்மாமனுக்கும் ஒரு லீவு மிச்சம்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஷாமியானா நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. தேவாலா மழையைத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தட்டு, கப்புக்கு 2019-ல இருந்து மாநிலம் முழுக்கத் தடை, நீலகிரியில அதுக்கும் பல வருஷம் முன்னாடியே கெடுபிடி ஆரம்பிச்சாச்சு. பாக்குமட்டைத் தட்டுதான், இல்லைன்னா வாழை இலை. அதுக்கும் பட்ஜெட்ல இடம் விடுங்க.

வர்ற மொய்யை என்ன பண்றது? அது அம்மாவுக்கு வர வேண்டிய கடன். அதனால விசேஷச் செலவுக்குப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குழந்தை கணக்குல போடறது நியாயமா படலை எனக்கு. அம்மாகிட்ட கொடுங்க. அவங்க குழந்தைக்குப் போட்டா அது வேற.

வரி பத்தி ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. அதே சலுகை பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் கிடையாது. சட்டம் சொல்ற உறவினர் இல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல மொத்தமா 50,000-க்கு மேல வந்தா, வந்த முழுத் தொகையும் வருமானமா சேரும். கூடப்பிறந்தவங்க, அப்பா அம்மா, அவங்களோட கூடப்பிறந்தவங்க எல்லாம் உறவினர் பட்டியல்ல வருவாங்க. பெரியப்பா மகன் வரமாட்டார், விசித்திரம்தான். குழந்தை பேர்ல வந்த பணம்னாலும், அப்பா அம்மாவுல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேர்த்துடுவாங்க. லைன் வீட்டு மொய்க்கு இது பெரும்பாலும் எட்டாது. ஆனா உங்க ஆபீஸ் டீம் மொத்தமா ஜிபேல அனுப்பினா, ஒரு கண்ணு வெச்சுக்கோங்க.

தங்கம் வாங்குறவங்களுக்கு: ஹால்மார்க் ஆறு இலக்க எண் இல்லாம நகை விற்கக்கூடாதுன்னு 2023 ஏப்ரல்ல இருந்து விதி. ஆனா 2 கிராமுக்குக் குறைஞ்ச நகைக்கு அது கட்டாயம் இல்லை. குழந்தையோட கம்மல் அந்த எடைக்குள்ளதான் வரும். தெரிஞ்ச கடையில, பில்லோட வாங்குங்க.

அப்புறம் குழு லோன். "60,000 எடுத்துக்கலாம், வாரா வாரம் கட்டிடலாம்"னு பக்கத்து லைன் அக்கா சொல்வாங்க. 24 சதவீத வட்டி, 24 மாசம்னு வெச்சா மாசம் 3,172 ரூபாய், மொத்தம் 76,000-க்கு மேல. பிறந்தநாளுக்கு வாங்கின கடனை, குழந்தை பேசி, ஓடி, ப்ரீகேஜி சேர்ற வரைக்கும் கட்டிக்கிட்டு இருப்பீங்க. அதுவும் வீடு மாறி 9,600 பள்ளம் விழுந்த அதே மாசங்கள்ல.

அந்த 9,600-ஐ இன்னிக்கே எடுத்து வைங்க

இந்தக் கட்டுரையில நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யறதா இருந்தா இதைச் செய்யுங்க. அடுத்த வருஷம் வரப்போற பள்ளத்தை இந்த மாசமே வந்துட்டதா நினைச்சு, 9,600-ஐ தனியா ஒரு ஆர்டியிலயோ தனி சேமிப்புக் கணக்குலயோ போடுங்க. ஒரு வருஷ ஒத்திகை.

நம்ம குடும்பத்துல குழந்தைக்கு 4 மாசம், முதல் பிறந்தநாளுக்கு 8 மாசம் இருக்கு. அதுக்குள்ள 76,800 சேர்ந்திருக்கும். பிறந்தநாளுக்கு 25,000 எடுத்தா 51,800. அடுத்த 4 மாசத்துல இன்னும் 38,400. காலி பண்ற அன்னிக்கு கைல 90,200. புது வீட்டு அட்வான்ஸ் 36,000 (பழைய அட்வான்ஸ் திரும்ப வர்றதுக்கு முன்னாடியே இதைக் கட்டணும், மறந்துடாதீங்க), லாரியும் ஆள்கூலியும் 18,000, பால் காய்ச்சறது, கேஸ் கனெக்ஷன், ஃபேன் மாட்டறதுன்னு 6,000. மொத்தம் 60,000. மிச்சம் 30,200 அவசரத்துக்கு. கிராஜுவிட்டியைத் தொடலை, கடன் வாங்கலை.

9,600 எடுத்து வைக்க முடியலையா? அப்போ இன்னிக்கே ஒரு உண்மை தெரிஞ்சுபோச்சு: நீங்க நினைச்ச அந்த 12,000 வாடகை வீடு உங்களுக்கு ஆகாது. அம்மா வேலையில இருக்கும்போதே தெரியறது நல்லதுதான். சின்ன வீடு பார்க்கலாம், இல்லை அம்மா அப்பாவை கூடலூர்லயே குறைஞ்ச வாடகைக்கு வைக்கலாம்.

"இங்கேயே ஒரு 3 சென்ட் வாங்கிடலாமே?"

இது கண்டிப்பா வரும். "ரெண்டு லட்சம் இருக்குல்ல, தேவாலா பக்கம் இடம் சீப்பா வருது"ன்னு. நில்லுங்க.

கூடலூர், பந்தலூர் தாலுகா நிலம் மத்த ஊர் நிலம் மாதிரி இல்லை. இந்தப் பகுதி ஒரு காலத்துல நிலம்பூர் கோவிலகத்தோட ஜென்ம நிலம். 1969-ல ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. அதை எதிர்த்துப் போன வழக்குகள்ல ஒண்ணுதான் ஐ.ஆர்.கொய்லோ வழக்கு. 2007 ஜனவரியில உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னாங்க, சட்டம் படிக்கிற ஒவ்வொருத்தரும் இன்னிக்கும் படிக்கிற தீர்ப்பு. இந்திய அரசியல் சட்டத்தையே உரசிப் பார்த்த வழக்கு நம்ம கூடலூர் மண்ணுல இருந்து போனதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. தீர்ப்பு வந்தாச்சு, ஆனா "பிரிவு 17 நிலம்"னு சொல்றாங்களே, அதுல பல குடும்பங்களுக்கு இன்னமும் பட்டா இல்லை.

பட்டா இல்லைன்னா பேங்க் ஹோம் லோன் இல்லை. கரண்ட் கனெக்ஷனுக்கே வருஷக்கணக்கா போராடினவங்க உண்டு. அது போக, 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற நிலம்னா அனுமதி இல்லாம விற்கவே முடியாது. ஹாகான்னு சொல்ற மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள்ள இருக்கிற கிராமம்னா வீடு கட்ட அதுக்கும் தனி அனுமதி. ஸ்டாம்ப் பேப்பர்ல "கைவசம் ஒப்படைச்சேன்"னு எழுதித் தர்ற இடத்துக்கு அம்மாவோட கிராஜுவிட்டியைக் கொடுக்காதீங்க. விலை சீப்பா இருக்கிறதுக்கு மேல சொன்னதெல்லாம்தான் காரணம்.

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமா இருக்கிற இடம் கிடைச்சா தாராளமா யோசிங்க. பத்திரச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. அம்மா பேர்லயோ மனைவி பேர்லயோ பதியறது லாபம். டான்டீல ஓய்வு பெற்றவங்களுக்கு அரசு வீடு கட்டித் தர்ற திட்டமும் இருக்கு. உங்க அம்மா டான்டீன்னா, ஓய்வுக்கு முன்னாடியே டிவிஷன் ஆபீஸ்ல எழுத்துல விண்ணப்பம் கொடுத்து நகல்ல சீல் வாங்கி வைங்க.

காகிதங்கள், ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி

நாடுகாணி பக்கம் பிரசவத்துக்கு கூடலூர் அரசு மருத்துவமனைக்குப் போறவங்க உண்டு, சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணாவுக்குப் போறவங்களும் உண்டு. பிறப்புப் பதிவு குழந்தை எங்கே பிறந்துச்சோ அந்த ஊர்லதான். பெரிந்தல்மண்ணாவுல பிறந்தா கேரளாச் சான்றிதழ்தான் கிடைக்கும், பயப்படாதீங்க, இந்தியா முழுக்கச் செல்லும். பேர் வைக்காம பதிஞ்சிருந்தா 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாம பேர் சேர்க்கலாம். அதுக்கப்புறம் 15 வயசு வரைக்கும் தாமதக் கட்டணத்தோட. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த குழந்தைக்கு ஸ்கூல்ல சேர்க்கறதுல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு மலப்புறம் மாவட்டத்துல எழுத்துப்பிழை திருத்தறது எவ்வளவு அலைச்சல்னு யோசிச்சுப் பாருங்க. இப்பவே, ஊர்ல இருக்கும்போதே முடிங்க.

அதை வெச்சு ரேஷன் கார்டுல குழந்தை பேர். ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ்ல குழந்தையைச் சேர்க்க பெரும்பாலும் ஒரு கெடு இருக்கும், ஹெச்ஆர்க்கு இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அம்மா அப்பாவுக்கு இருந்தா (ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்), ஓய்வுக்கு அப்புறம் அதுதான் அவங்களுக்கு முதல் பாதுகாப்பு.

உங்க பிஎஃப் நாமினேஷனையும் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரைப் போட்டிருந்தீங்கன்னா, கல்யாணம் ஆன அன்னிக்கே அது செல்லாது. இ-நாமினேஷன்ல மனைவி, குழந்தை பேரைச் சேர்த்து ஆதார் ஓடிபி போட்டா பத்து நிமிஷ வேலை. வேலையில இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இடிஎல்ஐ-ல 7 லட்சம் வரைக்கும் வரும். அது போதாது, டேர்ம் பாலிசி தனியா வேணும், அதுக்குத் தனி வீடியோ இருக்கு.

பொண்ணு குழந்தைன்னா நாடுகாணி பக்கத்துத் தபால் ஆபீஸ்லயே செல்வமகள் கணக்கு ஆரம்பிக்கலாம், 250 ரூபாய் போதும். மாசம் 1,000 வீதம் 15 வருஷம் கட்டினா நீங்க போட்டது 1,80,000. இப்ப இருக்கிற 8.2 சதவீதம் அப்படியே தொடர்ந்தா 21 வருஷத்துல சுமார் ஐந்தரை லட்சம். வட்டியை அரசு மூணு மாசத்துக்கு ஒருதடவை பார்க்கும், மாறலாம். வீடு மாறினா கணக்கையும் கோயம்புத்தூருக்கு மாத்திக்கலாம். பையன்னா பிபிஎஃப், 7.1 சதவீதம்.

கோயம்புத்தூர் வீட்டு ஓனர் 10 மாச அட்வான்ஸ் கேட்டா, தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துல ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் 3 மாச வாடகைதான் அளவுன்னு பணிவாச் சொல்லிப் பாருங்க. சில பேர் இறங்கி வருவாங்க. 10 மாசம்னு எழுதின ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் பேச முடியாது.

லாரி விஷயம். 2024 மே-ல இருந்து நீலகிரிக்குள்ள வர்ற வெளி வண்டிகளுக்கு இ-பாஸ். நம்ம ஊர் டிஎன் 43 வண்டின்னா அந்தத் தொல்லை இல்லை. கோயம்புத்தூர்ல இருந்து வண்டி அனுப்பறதா இருந்தா டிரைவர்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க. ஏப்ரல், மே சீசன் சனி ஞாயிறு வேண்டாம், ஊட்டி ரோட்டுல லாரியும் குழந்தையும் ஆறு மணி நேரம் நிக்கும். வார நாள், விடியக்காலை.

கிளம்பற அன்னிக்கு வீட்டுச் சாவியை யார்கிட்டயும் வாய்ப்பேச்சா கொடுத்துட்டு வராதீங்க. "இன்ன தேதியில, இன்ன லைன், இன்ன எண் வீடு காலியா ஒப்படைக்கப்பட்டது"ன்னு எழுதி ஆபீஸ்ல கையெழுத்தும் சீலும் வாங்குங்க. காலி வீட்டை போன்ல நாலு போட்டோ எடுத்து வைங்க. கிராஜுவிட்டி விண்ணப்பத்தோட ஒரு நகலை இணைச்சு, இன்னொரு நகலை அம்மாவோட பேங்க் பாஸ்புக் கவர்க்குள்ள போட்டு வைங்க.